ஹீட்: தரையிலிருந்து ஒரு பார்வை

மாதத்தின் கடைசி ஞாயிறன்று நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் கூடிப் படம் பார்ப்பதும், பார்த்தபின் நள்ளிரவு தாண்டியும் வாக்குவாதம் செய்வதும் எங்கள் வழக்கம். திரை என்பது நான்கு முழ வேட்டி. காற்றடித்தால் நாயகனின் முகம் கோணும். பெரும்பாலும் ஈரானியப் படங்கள், குரோசவா, சத்யஜித் ராய் என்றே எங்கள் தேர்வுகள் அமையும். இம்முறை இளையவர்கள் கலகம் செய்தார்கள். துப்பாக்கி வெடிக்கும் படம் ஒன்றாவது வேண்டும் என்றார்கள். நெடிய பேரத்துக்குப் பின் மைக்கேல் மானின் 'ஹீட்' முடிவாயிற்று. 1995 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியாகி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட படம். அதில் நடித்த வால் கில்மர் 2025 ஏப்ரலில் மறைந்தார், அவருக்கும் இது அஞ்சலியாக இருக்கட்டும் என்று சொல்லி மூத்தவர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். அஞ்சலி என்ற சொல்லுக்கு எங்கள் மூத்தவர்கள் எப்போதும் மடங்கிவிடுவார்கள்.

படத்தின் கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நீல் மெக்காலே (ராபர்ட் டி நீரோ) என்ற தொழில்முறைக் கொள்ளைக்காரன். அவனைத் துரத்தும் காவல் அதிகாரி வின்சென்ட் ஹானா (அல் பசீனோ). அமெரிக்கக் கொச்சையில் 'ஹீட்' என்றால் காவல்துறை. சூடு நெருங்குவதாக உணர்ந்தால் முப்பதே விநாடிகளில் உதறிவிட்டுப் போக முடியாத எதையும் வாழ்வில் ஒட்டவைத்துக்கொள்ளாதே என்பது மெக்காலேயின் கொள்கை. அந்தக் கொள்கையை அவன் மீறுவதும் அதற்கான விலையும்தான் 170 நிமிடங்கள்.

இது முழுக் கற்பனையும் அல்ல. சிகாகோவில் சக் ஆடம்சன் என்ற துப்பறியும் அதிகாரி, நீல் மெக்காலே என்றே பெயர்கொண்ட கொள்ளைக்காரனை 1963இல் தற்செயலாகச் சந்தித்து, கைது செய்யக் காரணம் எதுவும் கையில் இல்லாததால், காப்பி குடிக்க அழைத்துப்போனார். மறு ஆண்டு அதே மனிதனைச் சுட்டுக் கொன்றார். ஆடம்சனிடமிருந்து கேட்ட இக்கதையை மான் பல ஆண்டுகள் சுமந்திருந்தார். 1989இல் 'எல்.ஏ. டேக்டவுன்' என்ற தொலைக்காட்சிப் படமாக ஒருமுறை எடுத்துப் பார்த்தார். ஆறாண்டு கழித்து அதையே பெரிதாக எடுத்தார். ஒரே கதையை இருமுறை எழுதும் எழுத்தாளர்களை நாம் அறிவோம். அவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை கைகூடியது என்பது வேறு விஷயம்.

படம் முடிந்ததும் வழக்கம்போல் கருத்துகள் கொட்டின. எங்களில் ஒலியமைப்பில் நாட்டம் கொண்ட நண்பர் முதலில் பிடித்துக்கொண்டார். வங்கிக்கு வெளியே நடுத்தெருவில் நடக்கும் அந்தத் துப்பாக்கிச் சண்டையில், வெடியோசைகளைப் பின்னர் ஒலிக்கூடத்தில் செய்து சேர்க்காமல், படப்பிடிப்பின்போதே சுற்றிலும் ஒலிவாங்கிகளை வைத்துப் பதிந்ததைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு வெடியும் உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பி வருகிறது. பின்னணி இசை இல்லை. நடிகர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்த ஆண்டி மெக்நாப் ஒருவர். வால் கில்மர் ஓடிக்கொண்டே தோட்டா உறையை மாற்றும் லாகவத்தை இளையவர்கள் மூன்று முறை நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். விசில் வேறு. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் குழுவின் ஆசிரியை ஒருவருக்கு இதில் எதுவும் ஒட்டவில்லை. ஆண்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பெருமிதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பெண்கள் சன்னலோரம் காத்திருக்கிறார்கள் என்றார். ஆனால் ஆஷ்லி ஜட் பால்கனியில் நிற்கும் காட்சியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. காவலர்கள் வீட்டுக்குள் பதுங்கியிருக்க, கீழே வந்து நிற்கும் கணவனை ஏமாற்றி மேலே வரவழைக்க வேண்டியவள், கையை லேசாக அசைத்து 'போய்விடு' என்று சொல்லிவிடுகிறாள். ஒரு சொல் கிடையாது. படத்தில் வெடித்த அத்தனை தோட்டாக்களையும்விட அந்தக் கையசைப்பு உரத்தது என்றார் அவர். நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

தமிழாசிரியர் ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமக்கே உரிய நிதானத்துடன், இது வெட்சியில் தொடங்கித் தும்பையில் முடிகிறது என்றார். ஆநிரை கவர்வதுதான் வெட்சி. தொல்காப்பியர் புறத்திணையை அங்கேதான் தொடங்குகிறார். நம் மரபில் போர் என்பதே ஒரு கொள்ளையிலிருந்துதான் ஆரம்பம், கவர்ந்தவனும் வீரன், மீட்டவனும் வீரன். பொருளோ மண்ணோ காரணமாக இல்லாமல் தம் ஆற்றலை நிலைநாட்டுவதற்காகவே இருவர் மோதுவது தும்பை. விமான நிலைய ஓடுபாதையின் ஓரத்தில், விளக்குகள் எரிந்து அணையும் இருளில், ஹானாவும் மெக்காலேயும் ஒருவரையொருவர் தேடும் இறுதிக் காட்சியில் பணம் எங்கே இருக்கிறது? யாருக்கும் நினைவில்லை. சுட்டவன் சாகிறவனின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். ஐயா பேசி முடித்தபோது எங்களுக்குப் புல்லரித்தது உண்மை. ஹாலிவுட் படம் பார்த்த குற்றவுணர்வும் அத்துடன் கழிந்தது.

அதுவரை பேசாமல் இருந்தவர் எங்களில் மூத்தவரான வங்கி நண்பர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. படத்தின் தொடக்கத்திலேயே அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதை நாங்கள் கவனித்திருந்தோம். வங்கிக் காட்சியின்போது மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டதையும் கவனித்தோம். முதுகுவலி என்று நினைத்தோம்.

"ஐயா, அந்த வெட்சியில மாடு மேய்ச்சிட்டு இருந்தவன் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள் என்றார் ஐயா. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லைக் குறிப்பிட்டார். தமிழி எழுத்தில் 'ஆகோள்' என்ற சொல்லே அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

"எனக்கு மெமோதான் கொடுத்தாங்க" என்றார் வங்கி நண்பர்.

பதினைந்து ஆண்டுகளாகப் பழகுகிறோம். அவர் இதை எங்களிடம் சொன்னதில்லை. 1987இல் ஒரு சிற்றூர்க் கிளையில் காசாளராக இருந்தபோது, மதியம் வாடிக்கையாளர் குறைந்த நேரத்தில், மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவனிடம் நாட்டுத் துப்பாக்கி, மற்ற இருவரிடம் அரிவாள். எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தலையைத் தூக்கினால் வெட்டு. எத்தனை நிமிடம் என்று அவரால் இன்றும் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தொலைவில் ஒருவனின் ரப்பர் செருப்பு இருந்தது. நீல வார். கட்டைவிரல் பக்கம் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கு துருப்பிடித்திருந்தது. கொள்ளை முழுவதிலும் அவர் பார்த்தது அவ்வளவுதான். போனது 41,000 ரூபாய்.

பிறகு அடையாள அணிவகுப்புக்கு அழைத்தார்கள். வரிசையாக நின்றவர்களில் அவர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவுமில்லை. குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். எல்லோரும் வெறுங்காலுடன் நின்றார்கள். அலுவலகத்தில் இதையே ஐயத்துக்குரியதாக எடுத்துக்கொண்டார்கள். பெட்டகச் சாவி அந்நேரத்தில் ஏன் மேசை மேல் இருந்தது என்று விளக்கம் கேட்டார்கள். விசாரணை முடிந்து அவர் குற்றமற்றவர் என்று தாளில் எழுதித் தர இரண்டரை ஆண்டு ஆயிற்று. அதுவரை ஊதிய உயர்வு இல்லை. ஊரில், கடன் வாங்கி அவர் முன்பே தொடங்கியிருந்த வீட்டு வேலையை, கொள்ளைக்குப் பின் தொடங்கியதாகப் பேசிக்கொண்டார்கள்.

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இளையவர்களில் ஒருவர் விசிலடித்ததற்கு வருத்தம் தெரிவித்தார். "அட, அடிங்கப்பா. நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார் அவர். உண்மையில் படத்தைப் பற்றி எங்களைவிடக் கூர்மையாக அவர்தான் பேசினார். மாடிப்படியிலிருந்தபடியே பாதியைக் கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போது புரிந்தது.

வங்கிக் காட்சியில் மெக்காலே முகப்பு மேசையில் ஏறி நின்று அறிவிக்கிறான்: நாங்கள் எடுக்க வந்தது வங்கியின் பணத்தை, உங்கள் பணத்தை அல்ல, உங்கள் பணத்துக்கு அரசு காப்பீடு இருக்கிறது, குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் அவன் பக்கம் சாய்ந்திருந்தோம். எத்தனை நாகரிகமான திருடன்! வங்கி நண்பர் சிரித்தார். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வைப்புநிதிக் காப்பீடு, வங்கி திவாலானால் வைப்பாளருக்குப் பணம் கொடுப்பதற்கானது. கொள்ளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொள்ளைக்கு வங்கிகள் தனியாகக் காப்பீடு எடுக்கின்றன. நம் ஊரிலும் அப்படியே. வைப்புத் தொகைக்கான காப்பீட்டு வரம்பு 2020இல் 5 லட்சம் ஆனது, அதுவும் வங்கி நொடித்தால்தான். ஆக, மெக்காலேக்குத் தன் தொழிலின் அடிப்படைச் சட்டம் தெரியவில்லை. ஆனால் தரையில் கிடப்பவனிடம் நீ எதையும் இழக்கவில்லை என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. "நம்ம பணம் பத்திரம்னு சொல்றான். சரி. நம்மள யாரு இன்ஷ்யூர் பண்ணியிருக்கா?"

இதைவிட அவரை உறுத்தியது தொடக்கக் கொள்ளை. கவச வண்டியை மோதிக் கவிழ்த்து, வெடிவைத்துத் திறந்து, காவலர்களை வெளியே நிறுத்துகிறார்கள். வெயின்க்ரோ என்பவன் ஒரு காவலரிடம் பின்னால் போகச் சொல்லிக் கத்துகிறான். அவர் அசையாமல் நிற்கிறார். வெடியில் அவருக்குக் காது போய்விட்டது, காதிலிருந்து வழிகிறது, கேட்கவில்லை என்று கூட்டாளியே சொல்கிறான். ஆனாலும் சற்று நேரத்தில் அவன் சுட்டுவிடுகிறான். ஒருவரைக் கொன்றபின் சாட்சி எதற்கு என்று மற்றவர்களையும் சுட்டுவிடுகிறார்கள். அப்படிச் சுடுவதற்குத் தலையசைப்பவன் நம் நாகரிக நாயகன்தான். மேலும் இரண்டரை மணிநேரம் அவனுக்காக உருகிய நாங்கள் அந்தத் தலையசைப்பை மறந்தே போயிருந்தோம். அந்தக் காவலர்களுக்கு வீடு உண்டா, மனைவி உண்டா, படத்தில் ஒரு வரியும் இல்லை. வெயின்க்ரோ கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டதால் மெக்காலே எங்களுக்குச் சுத்தமாகிவிட்டான். ஐயாவின் வெட்சியும் அந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ஆட்டங்கண்டது. ஐயாவே அதை ஒத்துக்கொண்டார்.

இயக்குநர் இதை அறியாதவர் என்று சொல்லிவிடவும் முடியாது. உணவகத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து காப்பி குடிக்கும் புகழ்பெற்ற காட்சி. 1974இல் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் நடித்திருந்தும் ஒரே காட்சியில் சேராத டி நீரோவும் பசீனோவும் முதன்முறையாக முகத்துக்கு முகம் பேசுகிறார்கள். முகங்கள் இரண்டும் ஒரே சட்டகத்தில் தெளிவாகத் தெரியாததால், இருவரும் சேர்ந்து நடிக்கவே இல்லை என்று வெகுகாலம் வதந்தி உலவியது. உண்மையில் இருவர் தோளுக்குப் பின்னாலும் கேமராக்களை வைத்து ஒரே நேரத்தில் படமாக்கினார்கள். அந்த மேசையில் ஹானா தன் கனவைச் சொல்கிறான். தான் விசாரித்த கொலைகளில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரு விருந்து மேசையைச் சுற்றி அமர்ந்து, கருத்துப்போன கண்களால் அவனையே பார்க்கிறார்கள். எதுவும் பேசுவதில்லை. நாங்கள் அதை இரு நடிகர்களின் மேதைமைக்குச் சான்றாகப் பார்த்திருந்தோம். வங்கி நண்பர் மட்டும், அந்த மேசையில் காது போன காவலரும் உட்கார்ந்திருப்பார் இல்லையா என்று கேட்டார்.

ப்ரீடன் என்ற துணைப் பாத்திரம் தேவையா என்ற பழைய விவாதமும் எழுந்தது. சிறையிலிருந்து வந்து உணவக அடுப்படியில் வேலை செய்பவன். முதலாளி அவன் கூலியில் கால்பங்கைப் பிடித்துக்கொள்கிறான். மெக்காலே வந்து வண்டியோட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டவுடன் எழுந்து போகிறான், போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். வெட்டி எறிந்திருக்கலாம், படம் இருபது நிமிடம் குறையும் என்றார் ஒருவர். அத்தனை நிமிடம் அதற்கு இல்லை என்பது ஒருபுறம். வங்கி நண்பர் அதை வெட்டவே கூடாது என்றார். தன்னைக் குப்புறப் படுக்க வைத்தவர்களில் ஒருவனும் இப்படித்தான் வந்திருக்கலாம் என்று அவர் பல இரவு நினைத்ததுண்டாம். ஊக்கு குத்திய செருப்புடன் கொள்ளைக்கு வருகிறவன் வேறு யாராக இருப்பான் என்றார். தன் பெயர் கெட்டதற்குக் காரணமானவனைப் பற்றி அவர் அப்படிப் பேசியதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்கு இன்னும் தெளியவில்லை. ஆசிரியை அதை மன்னிப்பு என்கிறார். எங்களில் சிலருக்கு அந்தச் சொல் பெரிதாகப்படுகிறது.

இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் வங்கிக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னார் அவர். முதலில் பார்க்காமல் விட்டதைப் பார்த்துவிட வேண்டும் என்றார். ஒலியைக் குறைத்து ஓட்டினோம். இம்முறை யாரும் டி நீரோவைப் பார்க்கவில்லை. வேட்டியின் கீழ்ப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே சட்டகத்தின் ஓரங்களில், பெயரில்லாத துணை நடிகர்கள் தலை தாழ்த்திக் கிடந்தார்கள். அவர் விரல்களை மடக்கி அவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிப்பதற்குள் காட்சி தெருவுக்குப் போய்விட்டது.