சிவப்பு விளக்கும் சைக்கிளோட்டியும்

நகர வாழ்க்கை மனிதனுக்கு விதிக்கும் கட்டளைகளுள் மிக எளியது வீதிச் சமிக்ஞை விளக்கின் கட்டளையாகும். அது பேசுவதில்லை, காரணம் கூறுவதில்லை, ஆள் பார்ப்பதுமில்லை. செல்வரின் காரும், பயணிகள் நிறைந்த பஸ்ஸும், வேலைக்கு விரையும் தொழிலாளியின் சைக்கிளும் அதன் செவ்வொளிக்கு முன் ஒரே வரிசையில் நிற்கின்றன. சமத்துவத்தை நாள்தோறும் நடைமுறையிற் காட்டும் இடங்கள் உலகிற் சிலவே. அவற்றுள் வீதிச் சந்தியும் ஒன்று எனலாம். எனினும், ஒரே வரிசையில் நிறுத்தப்படுவதும் ஒரே நீதியைப் பெறுவதும் ஒன்றல்ல. சந்தியில் நிற்கும் சைக்கிளோட்டியின் நிலையை நோக்குமிடத்து இவ்வேறுபாடு நன்கு புலனாகும். விளக்கு அவனிடமிருந்து முழுமையான பணிவை எதிர்பார்க்கின்றது. ஆனால், அவனுடைய வேகத்தையோ, உடலுழைப்பையோ, உயிருக்கு நேரக்கூடிய இடரையோ கணக்கிற் கொண்டு அது பெரும்பாலும் அமைக்கப்படவில்லை.

இவ்விளக்கின் வரலாறு இலண்டன் மாநகரில் தொடங்குகின்றது. 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பாராளுமன்றக் கட்டடத்திற்கு அண்மையில் முதலாவது வீதிச் சமிக்ஞை நிறுவப்பட்டது. புகையிரதச் சமிக்ஞைகளில் அனுபவம் மிக்க ஜே. பி. நைற் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். பகலில் உயர்ந்தும் தாழ்ந்தும் வழிகாட்டும் கைகளும், இரவிற் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் எரிவாயு விளக்குகளும் அதிற் பொருத்தப்பட்டிருந்தன. பொலிஸ்காரர் ஒருவர் அருகில் நின்று அதனை இயக்கினார். 1869ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் எரிவாயு கசிந்து அது வெடித்தது. இயக்கிய பொலிஸ்காரர் காயமுற்றார். அம்முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. குதிரை வண்டிகளின் நெரிசலுக்கிடையே கால்நடையாக வருவோர் வீதியைக் கடக்க வழிசெய்வதே அதன் தலையாய நோக்கமாக இருந்தது என்பது கருதத்தக்கது. வலியவரை நிறுத்தி மெலியவருக்கு வழிவிடும் கருவியாகவே சமிக்ஞை விளக்குப் பிறந்தது.

மின்சார விளக்கின் காலத்தில் இந்நோக்கம் பின்தள்ளப்பட்டது. 1914ஆம் ஆண்டில் அமெரிக்க நகரான கிளீவ்லாந்தில் மின்சாரச் சமிக்ஞை விளக்கு நிறுவப்பட்டது. 1920இல் டிற்றோயிற் நகரப் பொலிஸ் அதிகாரியான வில்லியம் பொற்ஸ் மஞ்சள் நிறத்தையுஞ் சேர்த்து, நான்கு திசைக்கும் ஒளிகாட்டும் மூவண்ண விளக்கை அமைத்தார். 1927இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ற்றன் நகரில் தானாக இயங்கும் விளக்குப் பரீட்சிக்கப்பட்டது. இவையாவும் பெருகிவந்த மோட்டார் வாகனங்களை ஒழுங்குபடுத்தும் பொருட்டு எழுந்தவை. அக்கால வீதிகளிற் சைக்கிள்கள் அருகியே காணப்பட்டன என்று கருதுதல் தவறாகும். பிரித்தானியாவில் மக்கள் சைக்கிளிற் பயணஞ் செய்த தூரம் 1949ஆம் ஆண்டளவிலேயே உச்சத்தை அடைந்தது. சைக்கிள் வீதியில் நிறைந்திருந்தது. ஆயினும் விளக்கின் கணக்கில் அதற்கு இடமிருக்கவில்லை.

அக்கணக்கு எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பிரித்தானிய விதிப்படி, பச்சை அணைந்தபின் மஞ்சள் 3 செக்கன் ஒளிரும். மறுதிசைக்குப் பச்சை கிடைக்குமுன், சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து 2 செக்கன் ஒளிரும். இவ்வாறு 5 செக்கன் மட்டுமே இடைவெளியாக உள்ள ஒரு சந்தியின் அகலம் 30 மீற்றர் எனக் கொள்வோமாயின், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் அதனை 2 செக்கனுக்குச் சற்றுக் கூடிய நேரத்திற் கடந்துவிடும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சைக்கிளுக்கோ 7 செக்கனுக்கு மேல் வேண்டும். பச்சையின் கடைசிக் கணத்தில் முறைப்படி சந்திக்குள் நுழைந்தவன், மறுதிசை வாகனங்களுக்குப் பச்சை விழும்போது இன்னும் 9 மீற்றர் தூரத்தைக் கடக்க வேண்டியவனாக இருப்பான். அவன் எவ்விதியையும் மீறவில்லை. இருந்தும், விதியை மீறியவனைப் போல நடுச்சந்தியில் அகப்பட்டு நிற்கின்றான். பக்கத்திலிருந்து புறப்படும் சாரதி அவனை நோக்கி ஒலியெழுப்புகின்றான்.

இரண்டாவது கணக்கு உழைப்பைப் பற்றியது. சைக்கிளின் இயந்திரம் அதனை ஓட்டுபவனின் உடலேயாகும். 1990களின் முற்பகுதியில் எரிபொருள் தடைக்கு உட்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் ஆசிரியரும் மருத்துவரும் வணிகரும் சைக்கிளையே நம்பியிருந்த காலத்தை அறிந்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓடும் சைக்கிளை ஓடவைத்தல் எளிது. நின்ற சைக்கிளைப் பாரத்துடன் மீண்டும் புறப்படச் செய்தலே கடினம். ஆளும் வண்டியுமாக 90 கிலோகிராம் நிறை மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்லுமாயின், அது கொண்டுள்ள இயக்கச் சத்தி 1,125 யூல் ஆகும். பிறேக்கை அழுத்தியவுடன் அவ்வளவும் வெப்பமாகி வீணாகின்றது. மீண்டும் அந்த வேகத்தைப் பெறுவதற்கு, சமதரையில் ஏறத்தாழ 100 மீற்றர் மிதிக்கும் உழைப்பை அவன் செலவிட வேண்டும். 15 விளக்குகளில் நின்று செல்பவனுக்கு வழி ஒன்றரைக் கிலோமீற்றர் நீண்டுவிடுகின்றது. காரோட்டிக்கு இதே வேலையைப் பாதத்தின் சிறு அசைவு செய்துகொடுக்கின்றது.

மூன்றாவது கணக்கு விளக்குகளின் தொடரைப் பற்றியது. பெருவீதிகளில் அடுத்தடுத்த விளக்குகள் ஓர் அலைபோல ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகுமாறு அமைக்கப்படுவதுண்டு. 400 மீற்றர் இடைவெளியை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கும் கார் 29 செக்கனில் அடுத்த விளக்கை அடைந்து, அங்கும் பச்சையைக் காண்கின்றது. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சைக்கிள் 80 செக்கனின் பின்னரே அங்கு சேருகின்றது. அதற்குள் அலை கடந்து போய்விடும். ஒவ்வொரு நாளும் அதே விளக்கில் அதே சிவப்பைச் சந்திக்கும் சைக்கிளோட்டி அதனைத் தன் தீவினை என்று எண்ணக்கூடும். உண்மையில் அது வினைப்பயனன்று. எவரோ ஒருவர் மேசையிலிருந்து வகுத்த நேர அட்டவணையின் பயனாகும்.

இவற்றிலும் விந்தையானது, விளக்கு அவனைக் காணவே மறுக்கும் நிலையாகும். பல நாடுகளிற் சில விளக்குகள், வாகனம் வந்து நின்றால் மட்டுமே பச்சையாக மாறும். வீதியின் மேற்பரப்பிற்குக் கீழே புதைக்கப்பட்ட கம்பிச்சுருள் ஒன்றே வாகனத்தின் வரவை உணருகின்றது. அது நிறையை உணர்வதாகப் பலர் கருதுவர். அது பிழையான எண்ணம். மின்னோட்டம் பாயும் சுருளின் மேல் உலோகப் பரப்பு வரும்போது, அவ்வுலோகத்திலும் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. அதனாற் சுருளின் மின்னியல்பில் உண்டாகும் மாற்றத்தையே கருவி அறிகின்றது. காரின் அகன்ற அடித்தளத்தை அது எளிதில் அறியும். சைக்கிளின் மெல்லிய சக்கரங்களைத் தவறவிடவுங் கூடும். அனுபவமுள்ள சைக்கிளோட்டிகள் இதனை அறிந்து, சுருள் பதிக்கப்பட்ட வெட்டுக்கோட்டின் மேலேயே தம் சக்கரங்கள் இரண்டையும் நிறுத்துவர். உலோக றிம் இருப்பின் அவ்விடத்திற் கருவி உணரும் வாய்ப்பு அதிகம். இதனை அறியாதவன் வெறிச்சோடிய சந்தியில், எவரும் வராத வீதியைப் பார்த்தவாறு, ஒரு கார் வந்து தன்னை விடுவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கலிபோர்ணியா மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், புதிதாக அமைக்கப்படும் இத்தகைய விளக்குகள் சைக்கிளையும் உணரவேண்டும் என விதித்தது. ஒரு பொருள் வீதியில் இருக்கின்றது என்பதை ஏற்பதற்கே சட்டம் ஒன்று தேவைப்பட்டது.

இந்நிலையிலே சிவப்பை மீறிச் செல்லும் வழக்கம் தோன்றுகின்றது. இலண்டனிற் காலைவேளையிற் சந்தியொன்றிற் சிறிது நேரம் நின்றால் இதனைக் காணலாம். பெரும்பாலோர் நிற்பர், சிலர் இருபுறமும் நோக்கிவிட்டு நழுவிச் செல்வர். தம்மைக் கணக்கில் எடுக்காத விளக்கைத் தாமும் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்பது அவர்களது வாதம். அவ்வாதத்திலே ஓரளவு நியாயம் உண்டென்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் அது முழுமையானதன்று. சிவப்பு விளக்கு எரியும்போது அச்சந்தியில் வீதியைக் கடப்பவர் காரோட்டியல்லர், கால்நடையாகச் செல்பவர். ஒலியை மட்டுமே துணையாகக் கொண்டு கடக்கும் கண்பார்வையற்றவருக்கு ஓசையின்றி வரும் சைக்கிள் பேரச்சத்தைத் தரும். விரைந்து விலக முடியாத முதியவருக்கும் அவ்வாறே. காரின் முன் மெலியவனாக நிற்பவன் பாதசாரியின் முன் வலியவனாகின்றான். தன்னை மதிக்காத கணக்கைக் குறைகூறும் ஒருவன், தன்னிலும் மெலியவரைத் தன் கணக்கிலிருந்து நீக்குவானாயின், அவனது முறைப்பாடு வலுவிழந்துவிடும். சட்டமும் இதில் அவனுக்கு விலக்களிக்கவில்லை. இங்கிலாந்திற் சிவப்பை மீறும் சைக்கிளோட்டிக்கு 50 பவுண் தண்டம் விதிக்கப்படுகின்றது.

ஆனால், பணிந்து நிற்றலே பாதுகாப்பு என்று கூறுவதும் முழு உண்மையாகாது. இடப்பக்கமாக வாகனம் செலுத்தும் நாடுகளில், சிவப்பின் முன் ஒரு லொறியின் இடப்புறத்தே நிற்கும் சைக்கிளோட்டியைச் சாரதி காணாதிருத்தல் கூடும். பச்சை விழுந்ததும் சைக்கிள் நேரே செல்ல முனையும். லொறி இடப்புறம் திரும்பும். விதியைப் பேணியவன் விதி காட்டிய இடத்திலேயே நசுங்கி மாளும் அவலம் இவ்வாறு நேருகின்றது. கிழக்கு இலண்டனிலுள்ள போ வட்டச்சந்தியில் 2011ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிற் சில வாரங்களுக்குள் சைக்கிளோட்டிகள் இருவர் லொறிகளால் மோதுண்டு உயிரிழந்தனர். அதன் பின்னரே, வாகனங்களுக்கு முன்பாகச் சைக்கிளுக்குச் சில செக்கன் முந்திப் பச்சை காட்டும் ஏற்பாடு அங்கு செய்யப்பட்டது. சைக்கிளோட்டியின் கண்மட்டத்தில் அமைந்த சிறு விளக்குகளும் பின்னர் பொருத்தப்பட்டன. கார்களின் நிறுத்தக்கோட்டிற்கு முன்னே சைக்கிள்களுக்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கமும் இதே நோக்கினதாகும். சில செக்கனும் சில மீற்றரும் ஓர் உயிரின் விலையாக மாறும் இடம் வீதிச்சந்தி.

இச்சிக்கலுக்கு உலகம் இருவகையான விடைகளைக் கண்டுள்ளது. சைக்கிளோட்டிக்கு விலக்களித்தல் ஒன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982ஆம் ஆண்டில், ‘நில்’ என்னும் பலகை உள்ள இடத்திற் சைக்கிளோட்டி வேகந் தணித்து, பிறருக்கு வழிவிட்டு, நிற்காமலே செல்லலாம் எனச் சட்டம் இயற்றியது. சிவப்பு விளக்கில் நின்று, வழி வெறிதாயிருப்பின் தொடர்ந்து செல்லவும் அங்கு இன்று இடமுண்டு. 2017இல் டெலவெயர் மாநிலம் பலகையைப் பொறுத்தமட்டில் அவ்வழியைப் பின்பற்றியது. பாரிஸ் நகரில் 2015ஆம் ஆண்டு முதற் பல சந்திகளில், பாதசாரிகளுக்கு முதலிடம் அளித்துச் சிவப்பிலும் வலப்புறம் திரும்பிச் செல்லச் சைக்கிளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. மற்றைய விடை விளக்கின் கணக்கையே மாற்றுதலாகும். கொப்பன்ஹேகன் நகரின் நொரபுறோ வீதியில் விளக்குகளின் பச்சை அலை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற்கு அமைக்கப்பட்டது. காலையில் நகரை நோக்கியும், மாலையில் நகரிலிருந்து வெளிநோக்கியும் அவ்வலை ஓடுமாறு செய்யப்பட்டது. நெதர்லாந்தின் குறொனிங்கன் நகரிற் சில சந்திகளில் எல்லா மோட்டார் வாகனங்களையும் நிறுத்திவிட்டு, எல்லாத் திசைச் சைக்கிள்களுக்கும் ஒரே வேளையிற் பச்சை காட்டப்படுகின்றது. அவை குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று விலகிச் செல்கின்றன.

இவ்விரு விடைகளுள் முன்னையது இரக்கம்; பின்னையது நீதி. ‘இவ்விதி உனக்காக அமைக்கப்படவில்லை, ஆகையால் நீ விலகிப் போகலாம்’ என்று முன்னையது கூறுகின்றது. ‘இவ்விதி உனக்காகவும் அமைக்கப்பட்டது, ஆகையால் நீயும் நிற்க வேண்டும்’ என்று பின்னையது கூறுகின்றது. தன்னை எண்ணிப் பார்த்த சட்டத்திற்குப் பணிவதில் மனிதனுக்கு மனக்குறை தோன்றுவதில்லை. கொப்பன்ஹேகனிற் பச்சை அலையிற் செல்பவனுக்கு விளக்கை மீற வேண்டிய தேவை பெரிதும் எழுவதில்லை. அவனை ஒழுங்குபடுத்தியது தண்டப்பணமன்று. அவனது வேகத்தைத் தெரிந்துகொண்ட கடிகாரமே.

இவை தூர நாட்டுச் செய்திகளென ஒதுக்கத்தக்கவையல்ல. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொழும்பு மாநகரிலும் பலர் சைக்கிளை நாடினர். அன்று புதிதாகச் சைக்கிளேறியவர்கள் கண்டறிந்தவற்றை வறியோர் பலர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். புதிய சந்தியொன்றில் விளக்கு நாட்டப்படும்போது, கார் கடக்க எத்தனை செக்கன் வேண்டும் என்னும் வினாவுடன், சைக்கிளிற் செல்லும் முதியவர் ஒருவர் கடக்க எத்தனை செக்கன் வேண்டும் என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். அதற்கு விடைகாண ஒரு நிறுத்தற் கடிகாரமும் ஒரு காலைப்பொழுதும் போதும்.