விதானையாரும் விற்றஸ் பேரிங்கும்

எமது ஊரிலே தலைவர் என்றால் விதானையார்தான். அவருடைய சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் என் ஐயா தோளிற் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பிற் கட்டிக்கொண்டு படலையடிக்கு விரைவார். அவர் எதைச் சொன்னாலும் மறுமொழி "ஓம்" என்பதே. 1963ஆம் ஆண்டில் அரசாங்கம் அப்பதவியை ஒழித்துக் கிராம சேவகரை நியமித்தது. தலைவராய் இருந்தவர் பெயரளவிற் சேவகரானார். ஆயினும் ஐயாவின் சால்வை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

1986இல் நான் ஹோர்சன்சுக்கு வந்தபோது அச்சால்வையை மனத்திற் கட்டிக்கொண்டே வந்தேன் போலும். தொழிற்சாலை முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மூன்றாண்டுகள் வதிந்த வெளிநாட்டவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை டென்மார்க் 1981இலேயே வழங்கியிருந்தது. 1989 நவம்பரில் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபோது விரல்கள் நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

சென்ற கோடையில் என் பேர்த்தியுடன் விற்றஸ் பேரிங் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். 1681இல் இந்நகரிற் பிறந்து, ரஷ்யக் கடற்படையிற் சேர்ந்து, அலாஸ்காக் கரைவரை கப்பலோட்டியவர் பேரிங். அவருடைய கப்பற் பீரங்கிகளைத் தடவியபடி அவரது இறுதிப் பயணத்தை அவளுக்குக் கூறினேன். 1741 நவம்பரில் திரும்பும் வழியில் மாலுமிகள் பலர் ஸ்கேவி நோயால் மடிந்துகொண்டிருந்தனர். துறைமுகம்வரை செல்வோம் என்றார், நோயுற்றுக் கிடந்த பேரிங். ஆலோசனைக் கூட்டமோ கண்ணில் தெரிந்த கரையில் இறங்குவோம் என முடிவு செய்தது. அது கம்சத்கா அன்று, ஆளில்லாத் தீவு. பேரிங் அங்கேயே டிசம்பரில் இறந்தார்.

"அப்ப எல்லாரையும் கேட்டது பிழைதானே, அப்பப்பா?" என்றாள் பேர்த்தி.

நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லையே. அடுத்துப் பொறுப்பேற்ற ஸ்வென் வாக்செல் அதிகாரத்தை இறுக்கவில்லை. எஞ்சியோர் அனைவரையும் கலந்தே முடிவெடுத்தார். உடைந்த கப்பலைப் பிரித்து அதன் மரத்திலேயே சிறு கப்பலொன்றைக் கட்டுவதென்பதும் அவ்வாறு எடுத்த முடிவே. 1742 ஆகஸ்டில் 46 பேர் உயிருடன் கரை சேர்ந்தனர்.

சிறிது நேரம் மௌனமாயிருந்தவள், "எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில எங்களை ஏன் ஒருத்தரும் கேக்கிறேல்லை?" என்றாள். டெனிஷ் பள்ளியிலே அவள் மாணவர் மன்ற உறுப்பினர். அதிபரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசுபவள்.

எனக்கு விடை வரவில்லை. பெற்றோர் கூட்டமொன்றில் இதே கேள்வி முன்னர் எழுந்தபோது, "பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்று எழுந்து நின்று மறுத்தவன் நானே. அப்போது எவரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் உடன்பட்டார்கள் என்றே எண்ணியிருந்தேன். விதானையாரும் அவ்வாறுதான் எண்ணியிருப்பார்.

அடுத்த கூட்டத்தில் நானே முன்மொழிய, இரு மாணவர்கள் விழாக்குழுவில் இடம்பெற்றனர். அவர்கள் வைத்த முதற் கோரிக்கை, பெரியோர் உரைகள் ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது என்பது. உரையாற்றுவோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. கையை உயர்த்தினேன், சற்றுத் தாமதித்தே.