பொதுவிற் சேர்ந்த பண்ணை

நிலம் எவருக்கு உரியது என்னும் வினாவுக்குச் சட்ட நூல்கள் கூறும் விடை ஒன்று. மனிதர் வாழ்ந்து காட்டும் விடை பிறிதொன்று. கலிபோர்னியாவிலே, சாந்தா மொனிக்கா மலைச்சாரலில் அமைந்த பண்ணையொன்றின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்கச் செய்வது.

அப்பண்ணையை அமைத்த வில் றோஜர்ஸ் என்பார் 1879ஆம் ஆண்டு, அமெரிக்க ஆதிக்குடிகளுள் ஒன்றாகிய செறோக்கியரின் நாட்டிலே பிறந்தவர். அந்நாடு இன்று ஒக்லஹோமா மாநிலத்துள் அடங்கும். செறோக்கியர் நிலத்தைப் பொதுவில் வைத்தே ஆண்டனர். வீடும் பயிரும் அவரவருக்கு உரியன; நிலமோ குலம் முழுவதற்கும் உரியது. வில்லின் தந்தையார் அப்பொதுநிலத்திற் பெரும் மந்தைகளை மேய்த்துச் செல்வரானவர். 1898ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம் அந்நிலத்தை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுக்க வழிசெய்தது. மேய்ச்சல்வெளி குறுகிற்று; தந்தையாரின் பண்ணையும் உடன் குறுகிற்று.

மாடு மேய்த்து வளர்ந்த மைந்தர் சுருக்குக் கயிறு வீசும் வித்தையால் மேடையேறினார். நகைச்சுவைப் பேச்சு அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிற்று. திரைப்படம், வானொலி, பத்திரிகை என்னும் மூன்றிலும் அவர் பெயர் ஓங்கிற்று. 1920களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்கே நிலம் வாங்கினார். வார இறுதியிற் தங்குவதற்கென எழுந்த சிறு வீடு படிப்படியாக வளர்ந்து 31 அறைகள் கொண்டதாயிற்று. 1928இற் குடும்பம் அங்கேயே குடியேறிற்று. குதிரைலாயமும் போலோ மைதானமும் அமைந்தன. 1935 ஓகஸ்ற் 15ஆந் திகதி அலாஸ்காவில் நேர்ந்த விமான விபத்தில், விமானி வைலி போஸ்ற் என்பாருடன் அவரும் மாண்டார். 1944ஆம் ஆண்டில் 186 ஏக்கர் கொண்ட அப்பண்ணை மாநிலத்துக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டுப் பொதுப் பூங்காவாயிற்று. காலத்தாற் தளர்ந்த வீடு 2002 முதல் 2006 வரை செப்பனிடப்பெற்று, அவர் வாழ்ந்த நாளில் இருந்தவாறே தளபாடங்களும் ஒழுங்கு செய்யப்பட்டு, மக்கள் பார்வைக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

2018ஆம் ஆண்டில், அந்நகரிற் குடியேறிய எம் தங்கையின் குடும்பத்துடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். பெருங்கூடத்தின் நடுவே ஊஞ்சலொன்று தொங்கிற்று. கயிறு வீசிப் பழகுதற்கு வைத்திருந்த, பஞ்சடைத்த கன்றொன்றும் நின்றது. தங்கையின் மகன், வயது ஆறு, எம் கையை இறுகப் பற்றிக்கொண்டு, “மாமா, வீட்டுக்காரர் வந்தால் எங்களைக் கலைக்க மாட்டாரோ?” என்றான். “அவர் தன்ரை வீட்டை எல்லாருக்கும் எண்டு விட்டிட்டார், தம்பி” என்றாள் தங்கை. சிறுவன் கையை விட்டான். வெளியே புல்வெளியில் விளையாடிய பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டான்.

அக்காலத்தில் எம் தந்தையாரின் முதுசக் காணி பங்கிடப்படாமற் கிடந்தது. உடன்பிறந்தோர் ஐவர். கிணறு எவர் பங்கில் விழும் என்பதே பிணக்கு. அது காரணமாகத் தங்கையும் நாமும் ஈராண்டு காலம் காணிப் பேச்சையே எடுப்பதில்லை. அன்று அப்புல்வெளியில் அமர்ந்திருக்கையில் அவளே தொடங்கினாள்: “கிணறு பொதுவிலை இருக்கட்டும், அண்ணா. ஐந்து பங்குக்கும் வழி வாய்க்கால் விட்டு உறுதி எழுதுவம்.” மறு ஆண்டு நொத்தாரிசு எழுதிய உறுதியில் அவ்வாறே இடம்பெற்றது. கதியால்கள் நட்டாயிற்று, ஆயினும் கிணற்றடிக்கு வேலி இல்லை.

2025 சனவரி 7ஆந் திகதி பசிபிக் பலிசேட்ஸ் பகுதியில் மூண்ட பெருந்தீ ஆயிரக்கணக்கான கட்டடங்களை அழித்தது. றோஜர்ஸின் வீடும் குதிரைலாயமும் அத்தீக்கு இரையாயின. தீ நெருங்குமுன் குதிரைகளையும், ஓவியங்கள் முதலான அரும்பொருள்கள் சிலவற்றையும் ஊழியர்கள் அப்புறப்படுத்தியமை ஓர் ஆறுதல். எனினும் நாலாண்டு காலம் பொறுமையுடன் செப்பனிட்ட வீடு ஓரிரவுள் இல்லாதொழிந்தது. அதனை எளிதிற் கடந்து செல்ல எம்மால் இயலவில்லை. புதிதாக ஒரு வீடு கட்டலாம். அவர் கையாண்டு தேய்ந்த மரத்தைக் கட்ட முடியாது.

ஆயினும் ஒன்று எஞ்சியது. துண்டாடப்பட்ட பொதுநிலத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் தாம் தேடிய தனிநிலம், அவருக்குப் பின் மீண்டும் பொதுநிலமாயிற்று. வீடு அந்நன்கொடையில் ஒரு பகுதியே. கூரை போயினும், அம்மண்ணில் யாவரும் கால்வைக்கலாம் என்னும் உரிமை போகவில்லை. “எங்களைக் கலைக்க மாட்டாரோ” என்று கேட்கும் பிள்ளைக்கு, சாம்பல் படிந்த அவ்விடத்திலும் தாய் அதே விடையையே கூறலாம்.