புலிக்கால் முனிவரும் பறவை முக மனிதரும்

திருப்பாதிரிப்புலியூர்த் திண்ணையில் பாட்டி சொன்ன கதைகளிலே எனக்கு ரொம்பப் பிடித்தது வியாக்கிரபாதர் கதை. வண்டு வாய் வைக்குமுன், விடியாத இருட்டிலே மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் என்று ஈசனிடம் புலிக்கால் கேட்டு வாங்கிய முனிவர் அவர். எங்கள் ஊரும் சிதம்பரமும் புலியூர் ஆனது அவரால்தான் என்பாள்.

"மனுஷனுக்கு எப்படிப் பாட்டி புலிக்கால் வரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆசை முத்திப் போச்சுன்னா உடம்பு என்னடா பெரிசு? அதுவும் கூடவே மாறிடும்" என்றாள்.

போன தை மாதம் கீழ்வாலைக்குப் போயிருந்தேன். 1993 வரை எங்கள் பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்த ஊர். இப்போது விழுப்புரம் மாவட்டம். அங்கே பாறையில் செங்காவி நிறத்தில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. ஒருவன் ஒரு மிருகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் அதைக் கயிற்றால் இழுத்துப் போகிறான். மிருகத்தைக் குதிரை என்கிறார்கள். என் கண் நின்றதோ மனிதர்களின் முகத்தில். முகமா அது? பறவையின் அலகு!

"பாவம், முகம் வரையத் தெரியவில்லை" என்றார் கூட வந்த நண்பர்.

எனக்கு ஆப்பிரிக்காவின் சான் வேடர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பாறைகளில் மான் தலையுள்ள மனிதர்களை வரைந்திருக்கிறார்கள். 1873-இல் ஜோசப் ஓர்ப்பன் என்ற அதிகாரி, மலோட்டி மலையில் தமக்கு வழிகாட்டிய சான் வாலிபனிடமே அதற்கு அர்த்தம் கேட்டார். இறந்துபோய் ஆற்றுக்குள் வாழ்கிறவர்கள் என்றான் அவன். ஒரு நடனத்தைப் பற்றியும் சொன்னான். நூறு வருஷம் கழித்து டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு போய் விளக்கினார். ஈலண்ட் என்னும் பெரிய மான் அவர்களுக்கு வெறும் இரை அல்ல. ஆடி ஆடி நினைவிழக்கும் வைத்தியனுக்குள் அதன் சக்தி இறங்குகிறது. மான் சாவதுபோல் அவனும் 'சாகிறான்', மானாகவே ஆகிறான்.

கீழ்வாலைப் பறவைக்கும் இதுதான் அர்த்தம் என்று நான் சாதிக்க மாட்டேன். அங்கே கேட்டபோது சொல்ல ஒருவன் இருந்தான். இங்கே வரைந்தவர்களும் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் போனார்கள். ஆனால் அது வரையத் தெரியாத கை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கயிறு பிடித்த கையை அத்தனை ஒழுங்காக வரைந்தவனுக்கா முகம் வராது? புலியூரில் பிறந்தவன் அதை நம்பலாமா?

திரும்பி வரும்போது பாட்டி ஞாபகமாகவே இருந்தது. முனிவரின் ஆசையைப் பற்றி அன்று கேட்டேன். "உன் ஆசை என்ன பாட்டி? நீ என்னவாக மாறியிருப்பாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இப்போது அவளும் இல்லை, அந்தத் திண்ணையும் இல்லை.