செல்ஃப் சுத்துது, வண்டி கிளம்பலை!

சித்திரை மாதம், விடியற்காலை ஐந்தே கால் மணி. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டு வீட்டு மல்லிகை மொட்டு, மூட்டை கட்டி, ஈரத்துணி போர்த்தி, பழைய டீசல் பிக்கப்பில் ஏற்றியாகிவிட்டது. மகன் சாவியைத் திருப்பினான். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

மல்லிகை மொட்டு பறித்த அன்று சாயங்காலமே விரிந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே எழுந்து, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். வியாபாரம் சூடாக இருக்கும்போது சந்தையில் இறக்கினால் ஒரு விலை. வெளியூர் வியாபாரிகள் சரக்கு எடுத்துக் கிளம்பிய பிறகு இறக்கினால் வேறு விலை.

மகன் மறுபடியும் சாவியைத் திருப்பினான். விடாமல் அடித்தான். நான்காவது முறை செல்ஃப் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. பூ ஏற்றிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"தள்ளிப் பார்ப்போம் மாப்ளே" என்றார் ஒருவர். ஆறு பேர் சேர்ந்து கோயில் திடல் வரைக்கும் தள்ளினார்கள். வண்டி குலுங்கியது, கிளம்பவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "ஏழரை மணிக்கு மேலதான் வர முடியும்ணே. பம்ப் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார். டீசல் பம்ப் என்றதும் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதைக் கழற்றி சர்வீஸ் செய்வது சின்னச் செலவு இல்லை.

இரண்டு கறவை மாடுகளை விற்று, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. அப்பாவுக்கு அதில் சம்மதம் இருக்கவில்லை. "பழைய வண்டியைக் கட்டி மாரடிக்காதே" என்று சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி வாய் திறந்ததில்லை. மகனும் கேட்டதில்லை. இப்போது அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு திடலுக்கு வந்தார். கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால், 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜினை வைத்து இருபது வருடம் தண்ணீர் இறைத்தவர்.

வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"சாவி போடும்போது சைலன்சர்ல புகை வந்துச்சா?"

யாரும் பார்க்கவில்லை.

"நான் பின்னாடி நிக்கிறேன். எண்ணி அஞ்சு வினாடி அடி. நிறுத்திரு."

அடித்தான். புகை துளியும் இல்லை.

டீசல் இன்ஜின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: காற்று, அந்தக் காற்றை அமுக்குவதால் உண்டாகும் சூடு, சரியான நேரத்தில் டீசல். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டர் பிளக், அமுக்கம் இவற்றைச் சந்தேகப்படலாம். புகையே இல்லை என்றால் பெரும்பாலும் டீசலே போய்ச் சேரவில்லை. அதனால்தான் ஆறு பேர் தள்ளியும் பலன் இல்லை. டீசல் வராத இன்ஜினைச் செல்ஃப் சுற்றினால் என்ன, சக்கரம் சுற்றினால் என்ன?

பெரியவர் செல்ஃப் சத்தத்தையும் கவனித்தார். வழக்கமான சத்தம்தான், பேட்டரி இறங்கியதால் கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றியிருந்தால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பெல்ட் உள்ள வண்டியில் அந்தச் சத்தம் கேட்டால் மேற்கொண்டு செல்ஃப் அடிக்கவே கூடாது. வால்வு வளைந்துவிடும்.

"டேங்க்ல டீசல் இருக்கா?"

"முள் பாதியில இருக்குப்பா."

"முள்ளு கிடக்கட்டும். மூடியைத் திற."

வண்டியை ஆட்டிப் பார்த்தார்கள். டீசல் அலம்பும் சத்தம் கேட்டது. அடுத்து, சாவியை ஆன் நிலையில் மட்டும் வைக்கச் சொல்லி, டீசல் பம்ப் அருகே காதை வைத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். பம்புக்கு டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு வேலை செய்கிறது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஃபியூஸையும் வயரையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஃபில்டர் மேல் இருந்த கை பம்பை அழுத்தினார். நன்றாக இருந்தால் சில அழுத்தலில் கை பம்ப் இறுகிக் கல்லாகிவிடும். இது பஞ்சு மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"ஏர் பிடிச்சிருக்குடா" என்றார். குரலில் முதல் முறையாக ஒரு தெளிவு.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் ஃபில்டர் தலையில் இருந்த ஏர் ஸ்க்ரூவைச் சற்றே தளர்த்தி, மகனைப் பம்ப் அடிக்கச் சொன்னார். நுரை நுரையாக டீசல் வந்தது. இருபது, முப்பது அழுத்தல் ஆகியும் நுரை நிற்கவில்லை. அப்படியென்றால் காற்று எங்கிருந்தோ புதிதாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

டேங்கில் இருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாயைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் மெல்ல வளைத்துப் பார்த்தார். கிளாம்ப் கடிக்கும் இடத்தில் ரப்பர் காய்ந்து, தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு.

"ஒரு சொட்டுக்கூட ஒழுகலையேப்பா" என்றான் மகன்.

"இது உறிஞ்சுற பக்கம். டீசல் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். கிணத்து மோட்டார்ல உறிஞ்சுற குழாய் ஓட்டையானா தண்ணி ஏறாதுல்ல, அதே கதைதான்."

இப்படிப்பட்ட வெடிப்பு ஒரே நாளில் வண்டியை நிறுத்துவதில்லை. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது காற்று மெல்ல நுழைய, குழாயில் உள்ள டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் தாமதமாகும். பகலில் சரியாக ஓடும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"பத்து நாளா காலையில ரெண்டு மூணு தடவை அடிச்சாத்தான் எடுக்குது" என்று மகன் மெதுவாகச் சொன்னான். அப்பா பதில் சொல்லவில்லை. "கத்தியைக் கொடு" என்றார்.

வெடித்த முனையை இரண்டு விரற்கடை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டி, கிளாம்பை இறுக்கினார். மறுபடி பம்ப். நுரை குறைந்தது. பிறகு கண்ணாடி மாதிரி டீசல் மட்டும் வழிந்தது. ஸ்க்ரூவை முடுக்கியதும் கை பம்ப் கல்லாக இறுகியது.

செல்ஃபில் உயிர் இல்லை. பேட்டரி முழுக்கவே இறங்கிவிட்டது.

"இப்பத் தள்ளுங்கப்பா. சாவி ஆன்ல இருக்கட்டும், ரெண்டாவது கியர்."

அதே ஆறு பேர், அதே திடல். இரண்டு முறை இருமி, வெள்ளையாகப் புகை கக்கி, மூன்றாவது இருமலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்போது மணி ஆறே முக்கால்.

சந்தையில் விலை இறங்கித்தான் இருந்தது. மகன் அன்றைக்கு எட்டு வீட்டுக்கும் வாடகை வாங்கவில்லை. திரும்பி வரும்போது புது டீசல் குழாயும் இரண்டு கிளாம்பும் வாங்கி வந்தான். எட்டு வீட்டு வாடகையோடு ஒப்பிட்டால் அது ஒரு காசே இல்லை. வந்தவன் அப்பாவிடம் குழாயை நீட்டினான். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதை மாற்றினார்கள்.

"போன வருஷம் மல்லி மஞ்சளாச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார் அப்பா. மகனுக்கு ஞாபகம் இருந்தது. பூச்சி என்று நினைத்து மூன்று மருந்து அடித்த பிறகுதான், சுண்ணாம்பு மண்ணில் வரும் இரும்புச்சத்துக் குறை என்று தெரிந்தது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளானதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலவற்றை மனதில் வைப்பது நல்லது. செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்த பிறகே இன்ஜின் பக்கம் கை வைக்க வேண்டும். காற்று போகும் வழியில் தீப்பந்தம் காட்டுவது, பெட்ரோல் தெளிப்பது கூடவே கூடாது. ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களைப் பழக்கம் இல்லாதவர்கள் தளர்த்த வேண்டாம். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும். காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் இன்னும் பல மடங்கு அதிகம். அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த வண்டியில் ஒரு முழம் டீசல் குழாயும், இரண்டு கிளாம்பும், பத்தாம் நம்பர் ஸ்பேனரும், ஒரு டார்ச்சும் எப்போதும் இருக்கின்றன. விடியற்காலையில் மகன் சாவியைத் திருப்பும்போது, அப்பா டீ டம்ளரோடு வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.