ஆலி பொழிந்த மாலை

எங்கள் பென்னலூரில் மார்கழிப் புல்நுனியில் நிற்கும் துளியே பனி. வெண்பனி பொழியும் நாடுகளைப் பாடநூற்படங்களில் மட்டுமே கண்டிருந்தோம். ஆயினும், 45 ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாலையில் எங்கள் முற்றமும் வெண்மையாயிற்று.

மேற்கே கருமுகில் திரண்டது. ஓட்டுக்கூரையில் கல்லெறிந்தாற்போல் ஓசை எழுந்தது. கோலிக்குண்டு அளவு வெண்மணிகள் தரையெங்கும் துள்ளின. “ஆலங்கட்டி! ஆலங்கட்டி!” எனக் கூவிக்கொண்டு ஓடினோம், சொம்பில் பொறுக்கினோம், வாயிலிட்டுச் சிலிர்த்தோம். பனிக்கட்டியை அன்றுதான் நான் முதன்முதலாகத் தொட்டேன்.

கோடை வெப்பத்தால் மேலெழும் காற்று நீர்த்துளிகளை முகிலின் உச்சிக்குத் தூக்குகிறது. அங்கு உறைந்து, படலம் படலமாகப் பருத்து, காற்றால் தாங்க இயலாதபோது அவை வீழ்கின்றன. இதனையே பழந்தமிழர் ‘ஆலி’ என்றனர்.

ஆயா மட்டும் திண்ணையை விட்டு எழவில்லை. அவர் பார்வை ஏரிக்கு அப்பாலிருந்த நவரை நெல்லின்மேல் நிலைத்திருந்தது. அறுவடைக்கு ஐந்து நாளே எஞ்சியிருந்தது. அரைமணிப் பொழுதில் கதிர்கள் சாய்ந்தன. முற்றிய மணிகள் சேற்றில் உதிர்ந்தன. மறுநாள் அவர் அவற்றைச் சேற்றோடு அள்ளி, அலசி, பாயில் உலர்த்தினார். நானும் உடன் பொறுக்கினேன். சொம்பில் சேர்த்தவை நீராயின. பாயில் உலர்ந்தவை எங்களுக்குச் சோறாயின.

இன்று அவ்வழியே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்குப் பேருந்துகள் விரைகின்றன. ஆலி விழுந்தால் ஊர்திக் கண்ணாடியை எண்ணியே கவலை கொள்கிறோம். எனினும், நாம் உண்ணும் நெல் எங்கோ ஒரு வயலில் முற்றி நிற்கிறது. கூரையில் அவ்வோசை கேட்கும்போது அவ்வயலுக்குரியவரை நினைத்தல் நம் கடன்.