யானையும் தோணியும்

திருச்சியில் வண்டி ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவானைக்காவல் வந்துவிடும். பஞ்சபூத ஸ்தலங்களுள் இது அப்பு ஸ்தலம். ஜம்புகேசுவரர் சந்நிதியில் லிங்கத்தைச் சுற்றி ஜலம் ஊறி வருவது பிரசித்தம். பெயரிலே யானை, மூலஸ்தானத்திலே நீர். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது, நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் பழங்கதை ஒன்று ஞாபகத்துக்கு வராமற் போகாது.

யானையை எடை போட வேண்டும். அதற்குத் தராசு ஏது? ஆகவே யானையைத் தோணியில் ஏற்றினார்கள். நீர் தொட்ட மட்டத்தில் கோடு கிழித்தார்கள். பிறகு யானையை இறக்கிவிட்டு, அதே கோடு வரையில் கற்களை நிரப்பிக் கற்களை நிறுத்துப் பார்த்தார்கள். கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள்! சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி ஆர்க்கிமிடீஸ் வகுத்த தத்துவம் இதற்குள் அடங்கியிருக்கிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்கு எடை நீரை விலக்குகிறது. 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தட்டைத் தோணியில் 3000 கிலோ யானை ஏறினால் 3000 லிட்டர் நீர் விலகியாக வேண்டும். அதற்குத் தோணி 15 சென்டிமீட்டர் இறங்கினால் போதும். ஒரு சாண்கூட இல்லை!

ஸ்ரீரங்கத்து மாசித் தெப்பத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். எந்த ஊர்த் தெப்பத்துக்கும் கணக்கு இதுவேதான். இக்காலத்தில் காலிப் பீப்பாய்களைப் பிணைத்து, மேலே மரச்சட்டம் பரப்பித் தெப்பம் கட்டுவது வழக்கம். 200 லிட்டர் இரும்புப் பீப்பாயின் சொந்த எடை ஏறத்தாழ 20 கிலோ. முழுவதும் அமிழ்ந்தால் அது இன்னும் 180 கிலோவைத் தாங்கும். ஆனால் அமிழ விடுவது புத்திசாலித்தனமன்று. நீருக்கு மேல் நிற்கும் பாதிப் பீப்பாயே ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. மண்டபமோ உயரம். ஸ்வாமியைச் சேவிக்கும் ஆவலில் எல்லோரும் ஒரே பக்கம் நெருக்கினால் அந்தப் பக்கத்துச் சேமிப்பு நொடியில் கரைந்துபோகும். தெப்பத்தில் ஏறுவோரை எண்ணி ஏற்றுவது இதனால்தான். அதைக் கெடுபிடி என்று கோபித்துக்கொள்வது நியாயமன்று.

பாதி அமிழ்ந்த பீப்பாய்க்கு வேண்டிய ஆழம் சுமார் 30 சென்டிமீட்டர். அதாவது முழங்காலுக்கும் கீழே. அந்த நீரும் இல்லாத வருஷங்கள் உண்டு. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் குளம் வறண்ட ஆண்டுகளில் தெப்பம் நகரவில்லை. தரையில் நின்றபடியே, நிலைத்தெப்பமாக உத்ஸவம் நடந்தது.